ஆர்லிஸ் ஓப்சால் கண்டு சொன்னது

வெர்லின் ஓப்சாலின் தொழில் கெடுப்பது. பொறாமையில் சொல்லவில்லை, அவரை வேலைக்கு வைத்திருப்பதே அதற்காகத்தான்.

ஒரு டிஸ்க்கில் எந்த ஃபைல் எங்கே கிடக்கிறது, அதற்கு என்ன பெயர், அந்தப் பெயர் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, எந்த இடம் காலி என்றெல்லாம் கெர்னல், அதாவது கம்ப்யூட்டரை உள்ளிருந்து இயக்கும் அடிப்படை மென்பொருள், தனக்கென்று குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளும். அந்தக் குறிப்புகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் சரிபார்ப்புகளை எழுதுகிறவன் நான். வெர்லின் என்ன செய்வார் என்றால், அந்தக் குறிப்புகளுக்குள் வேண்டுமென்றே ஒரு பொய்யை எழுதி வைத்துவிட்டு, என் சரிபார்ப்பு அதைக் கண்டுபிடிக்கிறதா கோட்டைவிடுகிறதா என்று சோதிப்பார். பெரும்பாலும் கோட்டைவிடும். அப்போது அவர் என் மேசைக்கு வந்து ஒன்றும் பேசாமல் காப்பிக் கோப்பையோடு நிற்பார். நான் தலையை நிமிர்த்தும்வரை நிற்பார். இருபது வருடமாக இந்த மனிதர் என் பக்கத்தில் வந்து நின்றாலே, முந்தின நாள் எழுதியதைத் திறந்து வைத்துக்கொள்வேன்.

எங்கள் அலுவலகம் செயின்ட் பால் நகருக்குத் தெற்கே, ஒரு பல் மருத்துவருக்கு மேல்மாடியில் இருக்கிறது. கீழே யாருக்காவது பல்லைக் குடைந்தால் எங்கள் நாற்காலியில் அதிரும். ஏழு பேர் வேலை பார்க்கிறோம். ஆறு பேர் பேசுவோம்.

வெர்லின் கெடுத்து வைத்திருக்கும் டிஸ்க்குகள் நானூற்றுப் பன்னிரண்டு. நிஜ டிஸ்க் அல்ல, டிஸ்க்கின் நகல்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பொய். வெறும் எண்ணை மட்டும் வைத்தால் நினைவில் நிற்காது என்று எல்லாவற்றுக்கும் தன் சொந்தக்காரர்களின் பெயரை வைத்திருக்கிறார். ஒரு ஃபோல்டர் தனக்குத் தானே அப்பன் என்று சொல்லிக்கொண்டால் அது ‘ஆர்வில் சித்தப்பா’. ஒரே இடத்தை இரண்டு ஃபைல்கள் தன்னுடையது என்று சண்டை போட்டால் ‘பெர்னிஸும் லவோனும்’, அவருடைய அத்தைகள். உள்ளே ஒன்றுமே இல்லாமல் தன் அளவைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளும் ஃபைலுக்கு அவருடைய மைத்துனர் பெயர். வருடா வருடம் குடும்பம் கூடும்போது, இந்த வருடம் யார் புதிதாகச் சேர்ந்தது என்று கேட்டுச் சிரிப்பார்களாம். மனைவி ஆர்லிஸ் பெயரில் மட்டும் ஒரு கெட்ட டிஸ்க்கும் கிடையாது. பயம்தான் காரணம் என்பது என் கணிப்பு.

அவர் வாயிலிருந்து வரும் உச்சபட்சப் பாராட்டு, “மோசமில்ல.” என் கல்யாணத்துக்கு வந்து என் மனைவியைப் பார்த்துவிட்டு அதைத்தான் சொன்னார். அவள் இன்னும் அதை மறக்கவில்லை.

இந்த நானூற்றுப் பன்னிரண்டில் இருநூற்று எழுபத்து நான்காம் சோதனை மட்டும் எனக்குச் செல்லப்பிள்ளை. ஒரு ஃபோல்டரின் பெயரை அழித்துவிடுவது, ஃபோல்டரை அப்படியே விட்டுவிடுவது, பெயரில்லாத அந்த அநாதையை என் சரிபார்ப்பு கண்டுபிடிக்கிறதா என்று பார்ப்பது, இதுதான் அந்தச் சோதனை. ஆறு வருடமாக ஒரு தடவைகூட அதில் நான் தோற்றதில்லை. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் டிஸ்க்கில் தப்பு இருக்கிறதென்று கெர்னல் ஊரைக் கூட்டிக் கத்தும்; சோதனையும் தேறிவிட்டதென்று பச்சை விளக்கு காட்டும். வெர்லினால் உடைக்க முடியாத ஒரே இடம் அது என்று நான் மதியச் சாப்பாட்டில், கிறிஸ்துமஸ் விருந்தில், ஒரு தடவை கீழே பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடியேகூடச் சொல்லியிருக்கிறேன்.

ஆர்லிஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்தாறு வருடம் அவர் மாவட்டத்தின் பனி வாரும் வண்டிகளை எந்தச் சாலைக்கு என்று ரேடியோவில் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தவர். ஓய்வு பெற்ற மறுநாளே லூன் எண்ணப் போய்விட்டார். லூன் என்றால் அவர்கள் வீட்டு ஏரியில் கோடைக்கு வந்து குஞ்சு பொரிக்கும் நீர்ப்பறவை. அது கூவினால் தெரியாதவர்களுக்கு யாரோ அழுவது போலிருக்கும். ஏரியின் வடக்கு மூலையில் பத்து மைக்குகளைக் கட்டி, நான்கு கோடைக்காலம் அந்தக் கூவலைப் பதிவு செய்து வைத்திருந்தார் ஆர்லிஸ். காரணம் உண்டு. குஞ்சுகள் வளரும்வரை வடக்கு மூலைக்குள் மோட்டார் படகு போகக்கூடாது என்று ஏரிக்கரை வீட்டுக்காரர்களின் கூட்டத்தில் அவர் கேட்டிருந்தார். அங்கே லூனே கிடையாது என்று பான்டூன் என்ற தட்டையான மோட்டார் படகு வைத்திருக்கும் ஒருவர் சாதித்தார். ஆகஸ்ட் கடைசித் திங்கள்கிழமை வாக்கெடுப்பு. ஆர்லிஸிடம் இருந்த ஒரே சாட்சி அந்தப் பதிவுகள்.

அவை வெர்லினின் வீட்டு மெஷினில் இருந்தன. அந்த மெஷினில் ஓடுவது நாங்கள் அப்போதைக்கு எழுதிக்கொண்டிருக்கும் அரைவேக்காட்டுக் கெர்னல். ஊருக்குப் போடுகிற சோற்றை முதலில் நாம் தின்று பார்க்க வேண்டும் என்பது வெர்லினின் கொள்கை. ஆர்லிஸுக்கும் சேர்த்தே பரிமாறுகிறோம் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இடி மின்னலோடு மழை. ஆர்லிஸ் ‘வடக்கு மூலை’ என்ற ஃபோல்டரை ‘கேட்க வேண்டியவை’யிலிருந்து ‘கேட்டு முடித்தவை’க்கு நகர்த்தியிருக்கிறார். அந்த நொடியில் மின்சாரம் போயிற்று. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது ஃபோல்டர் இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

வெர்லின் அப்போது தூண்டில் சுருளைப் பிரித்து வைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாராம். தலையைத் திருப்பாமலே சொல்லியிருக்கிறார்.

“எங்கயாவது இழுத்துப் போட்டிருப்ப. தேடிப் பாரு.”

“தேடிட்டேன். இல்ல.”

“அப்ப அழிச்சிருப்ப.”

“நாப்பத்திரெண்டு வண்டியை மேப் பாக்காம அனுப்பினவ நான், வெர்லின். ஒரு ஃபோல்டரை எங்க வச்சேன்னு எனக்குத் தெரியாதா?”

அவர் சுருளுக்கு எண்ணெய் போட்டு முடித்தார். வியாழக்கிழமை மாலைதான் போய் உட்கார்ந்து என் சரிபார்ப்பை ஓட்டினார். டிஸ்க் சுத்தம் என்று வந்தது. உடனே எனக்கு ஃபோன்.

“பேர் இல்லாத ஃபோல்டர் ஏதாவது இருந்தா உன் செக் சொல்லிடும்ல?”

“அதென்னய்யா கேள்வி? ஆறு வருஷமா நீ இருநூத்தி எழுபத்தி நாலை ஓட்டிட்டு இருக்க. ஒரு தடவையாவது தப்பியிருக்கா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன? அவங்கதான் அழிச்சிருக்காங்க.”

இதை இப்போது எழுதும்போது எனக்குக் காது சூடாகிறது. ஆனாலும் அப்படித்தான் சொன்னேன், கொஞ்சம் மிதப்பாகவே சொன்னேன்.

இந்த இடத்தில் சாதாரண மனிதன் என்ன செய்வான்? பேக்கப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். வெர்லினிடம் பேக்கப் இருந்தது. தினம் ஒரு நகல், கடைசி ஏழு நாளுக்கு. ஆனால் எங்கள் தொழிலில் ஒரு பிடிவாதம் உண்டு: எப்படிக் கெட்டது என்று தெரியாமல் எதையும் மீட்கக்கூடாது. மீட்டுவிட்டால் தடயம் அழிந்துவிடும், காரணம் கடைசிவரை தெரியாது. கெர்னலுக்கு இது நல்ல விதி. சமையலறையில் நின்றுகொண்டு வெர்லின் இதை ஆர்லிஸிடம் பிரயோகித்தார்.

“எந்த நாள், எத்தனை மணிக்கு அழிச்சேன்னு சொல்லு. அதுக்கு முந்தின நாள் பேக்கப்பிலருந்து எடுத்துத் தர்றேன்.”

“நான் அழிக்கல.”

“அழிச்சதுல ஒண்ணும் தப்பில்ல. எல்லாரும்தான் செய்யுறாங்க. நேரம் மட்டும் சொல்லு.”

“செய்யாததுக்கு நேரம் எப்படிச் சொல்றது?”

அவர் சொல்லவில்லை, இவர் எடுக்கவில்லை. தினமும் ஒரு புது நகல் வந்து பழையதில் ஒன்றைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தது. எட்டாம் நாள், ஃபோல்டர் இருந்த கடைசி நகலும் போய்விட்டது. அதை வெர்லின் பார்த்தார்; பிற்பாடு என்னிடம் ஒப்புக்கொண்டார். ஆர்லிஸிடம் அன்று சொல்லவில்லை. வெளியே போய்ப் படகுத்துறையின் பலகைகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தாராம். எல்லாம் உறுதியாகத்தான் இருந்தன.

மழை பெய்து பதினோரு நாள் கழித்து, சனிக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஜூலையிலேயே சொல்லி வைத்த அழைப்பு. அதற்கு மரியாதை கொடுத்து யாரும் ரத்து செய்யவில்லை. வறுத்த ஏரி மீன், உருளைக்கிழங்கு அடுக்கி அடுப்பில் சுட்ட ஹாட்டிஷ், ருபார்ப் தண்டை உள்ளே வைத்துச் சுட்ட ‘பை’ என்ற இனிப்பு. சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை என்பது உட்கார்ந்து ஒரு நிமிடத்தில் புரிந்தது.

“உப்பு அந்தப் பக்கம் இருக்குன்னு அவருகிட்ட சொல்லுப்பா,” என்றார் ஆர்லிஸ் என்னிடம். அவர் வெர்லினுக்கும் எனக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருந்தார்.

“உப்பு இந்தப் பக்கம் இருக்காம்,” என்றேன்.

“கேட்டுச்சு,” என்றார் வெர்லின்.

நாளை மறுநாள் கூட்டம். பேச்சை மாற்றலாம் என்று நினைத்து நான் நேராகப் போய் அதிலேயே விழுந்தேன்.

“கூட்டத்துக்கு என்ன பண்ணப் போறீங்க?”

“என்ன பண்றது? இந்த வாரம் மைக்ல ஏறினதையாவது எடுத்துட்டுப் போலாம்னு காலையில மெஷின்ல போடப் பாத்தேன். அதுவும் முடியல. எடம் இல்லைங்குது.”

“டிஸ்க் நிறைஞ்சிருக்கும்,” என்றேன்.

“அதான் எனக்கு விளங்கல.” ஆர்லிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தார். “வடக்கு மூலை மட்டும் முந்நூறு ஜிபி. மழை பெஞ்ச அன்னைக்கே டிஸ்க் ஏறக்குறைய முழுசா நிறைஞ்சுதான் இருந்துச்சு. நான் அதை அழிச்சிருந்தா முந்நூறு ஜிபி காலியாகியிருக்கணுமில்ல? மழைக்கு முன்னாடி எவ்வளவு காலியா இருந்துச்சோ அவ்வளவுதான் இப்பவும் இருக்கு. ஃபோல்டரும் இல்ல, எடமும் இல்ல. அப்ப அந்த எடத்துல யார் உக்காந்திருக்கா?”

நான் வெர்லினைப் பார்த்தேன். ஆர்லிஸ் விடவில்லை.

“லூன் எண்ணும்போது ரெண்டு கரையிலயும் ஆள் நின்னு தனித்தனியா எண்ணுவோம். ரெண்டும் ஒத்துப்போகலைன்னா யாரோ ஒருத்தர் தப்பா எண்ணியிருக்கோம்னு அர்த்தம். லூன் மேல குத்தம் சொல்ல மாட்டோம்.”

வெர்லினின் கையில் மீன் துண்டு பாதி வழியில் நின்றுவிட்டது. அவர் மனைவியை நேராகப் பார்த்தார். அந்த வாரத்தில் முதல் தடவையாக இருக்கும்.

“என் செக்ல...” என்று ஆரம்பித்தேன்.

“எந்திரி,” என்றார் வெர்லின்.

கீழ்த்தளத்தில்தான் அவருடைய மெஷின். வெர்லின் முதலில் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து வைத்தார். பிறகு நான் எழுதிய சரிபார்ப்பைத் திரையில் விரித்துக்கொண்டு இரண்டு பேரும் வரி வரியாகப் படித்தோம். அது எல்லா ஃபோல்டருக்குள்ளும் போகிறது, கண்ணில் பட்ட ஒவ்வொரு பெயரையும் எண்ணுகிறது, குறிப்பில் உள்ள எண்ணிக்கையோடு ஒத்துப் பார்க்கிறது. எல்லாம் அழகு. ஆனால் பெயரோடு கண்ணில் பட்டவர்களை மட்டும்தான் அது ஒத்துப் பார்க்கிறது. பெயரே இல்லாமல் மூலையில் கிடப்பவனைப் பற்றி அது யாரிடமும் கேட்கவே இல்லை. வகுப்புக்கு வந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, எல்லோரும் வந்தாயிற்று என்று எழுதும் வாத்தியார் மாதிரி எழுதி வைத்திருக்கிறேன்.

“அப்ப இருநூத்தி எழுபத்தி நாலு எப்படித் தேறுச்சு?” என்று கேட்டேன். தோற்றுப்போனவன் கடைசியாகப் பிடிக்கும் கிளை அது.

வெர்லின் அந்தச் சோதனையை ஓட்டினார். வழக்கம்போலக் கெர்னல் கத்தியது, வழக்கம்போலப் பச்சை விளக்கு. இந்தத் தடவை அவர் விளக்கைப் பார்க்கவில்லை. கெர்னல் என்ன சொல்லிக் கத்துகிறது என்று மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

“முத்திரை பொருந்தல,” என்றார்.

ஆறு வருடம் முன்பு கெர்னல் தன் குறிப்பின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு முத்திரை போட ஆரம்பித்தது. பக்கத்தில் உள்ள எழுத்துகளை வைத்துக் கணக்குப் போட்ட ஓர் எண் அது. ஓர் எழுத்து மாறினாலும் எண் பொருந்தாது. அதிலிருந்து வெர்லின் ஒரு பொய்யை எழுதினால் முத்திரையையும் புதுசாகப் போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் வாசலிலேயே, முத்திரை சரியில்லை என்று கத்தல் கிளம்பிவிடும். உள்ளே இருக்கும் என் சரிபார்ப்புவரை பொய் போய்ச் சேரவே சேராது. அந்தக் கோடையில் வெர்லின் எல்லாச் சோதனைகளையும் கையாலேயே ஒவ்வொன்றாகத் திருத்தினார். ஒன்றை விட்டுவிட்டார். நானும் அதே கோடையில்தான் என் சரிபார்ப்பைப் புதிதாக எழுதினேன். சோதனை கேட்டதெல்லாம், யாராவது கத்தினார்களா என்று மட்டும்தான். ஆர்லிஸின் டிஸ்க்கிலோ, பழைய பெயரை எடுத்துவிட்டுப் புதியதை எழுதும் முன் மின்சாரம் போயிருக்கிறது; எழுதியது கெர்னலே என்பதால் முத்திரையில் ஒரு குறையும் இல்லை.

ஆக, ஆறு வருடமாக யாராலும் பிடிக்க முடியாத கோட்டை என்று நான் பீற்றிக்கொண்டிருந்த இடத்துக்கு ஒரு நாளும் படையே வந்ததில்லை.

ஐந்து வரி சேர்த்தேன். ஓட்டினோம். பெயரில்லாத ஒரு ஃபோல்டர் இருப்பதாகச் சொன்னது. கண்டெடுத்தவற்றைப் போட்டு வைப்பதற்கென்றே டிஸ்க்கில் ஒரு ஃபோல்டர் உண்டு; பெயர் போனதால் வெறும் எண்ணைப் பெயராக வைத்து அதை அங்கே கொண்டுவந்து போட்டது. உள்ளே ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று பதிவுகள்.

வெர்லின் மாடிப்படிக்குக் கீழே போய் நின்று, “ஆர்லிஸ்,” என்றார்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தார். ஒரு பதிவைத் தட்டினார். கீழ்த்தளம் முழுக்க லூன் கூவியது. அவர் அதை முழுசாகக் கேட்டார். பிறகு இன்னொன்று. மூன்றாவதும் கேட்டார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

“நீ அழிக்கல,” என்றார் வெர்லின்.

“எனக்குத் தெரியும்.”

“ம்.”

“அழிக்கலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். உனக்குத் தெரியல பாரு, அதுதான் வலிச்சுது.” குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். “உன் மெஷின் ஒண்ணு சொல்லுது, நான் ஒண்ணு சொல்றேன். ஒரு தடவைகூட மெஷினைச் சந்தேகப்படலையே நீ.”

வெர்லின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு வெட்கமாக இருந்தது; முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. எனக்கும் அதே அளவு வெட்கம். அவங்கதான் அழிச்சிருக்காங்க என்று ஃபோனில் தீர்ப்புச் சொன்னவன் நான்தானே. அதை நான் ஒப்புக்கொண்டபோது ஆர்லிஸ் என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ருபார்ப் பை ஆறிப்போகிறது என்றார்.

திங்கள்கிழமை கூட்டத்தில் பதிவுகளை ஓடவிட்டார். பான்டூன்காரர் நான்கு பதிவுகளைக் கேட்டுவிட்டு, சரி, சரி என்று கையைத் தூக்கிவிட்டாராம். அடுத்த கோடையிலிருந்து வடக்கு மூலைக்குள் மோட்டார் படகு கிடையாது.

இனி வெர்லின் செய்ததைச் சொல்ல வேண்டும். நாங்கள் ஒரு திருத்தத்தை அனுப்பினால் அது உலகம் முழுக்கப் பல ஆயிரம் பேர் படிக்கும் மெயில் லிஸ்ட்டுக்குப் போகும். என்ன தவறு, ஏன் திருத்துகிறோம் என்று மேலே எழுத வேண்டும். கீழே, கண்டு சொன்னவர் யார், சோதித்தவர் யார் என்று பெயர் போட வேண்டும். எங்கள் பகுதிக்கு வரும் திருத்தங்களைப் படித்துப் பார்த்துச் சேர்த்துக்கொள்வது என் பொறுப்பு. சேர்த்துவிட்டால் எழுத்து எழுத்தாக நிற்கும், யாராலும் அழிக்க முடியாது. வெர்லின் இருபது வருடத்தில் அனுப்பிய எந்தக் குறிப்பும் இரண்டு வரியைத் தாண்டியதில்லை. இது இப்படி வந்தது:

“சோதனை 274 பொய்யை எழுதியபின் முத்திரையைப் புதுப்பிக்கவில்லை. ஆகவே தவறான காரணத்துக்காகத் தேறி வந்தது. தவறு என்னுடையது. இதனால் காணாமல் போன ஒரு ஃபோல்டரைச் சரிபார்ப்பு கண்டுகொள்ளவில்லை. பயன்படுத்துபவர் தான் அதை அழிக்கவில்லை என்று சொன்னார். நான் 9 நாள் அவரை நம்பவில்லை. அவர் சொன்னது சரி. கண்டு சொன்னவர்: ஆர்லிஸ் ஓப்சால்.”

சோதனையின் தலைப்பிலும், பின்னால் வருகிறவர்கள் படிப்பதற்காக, இதையே எழுதி வைத்திருந்தார். நான் அவரைக் கூப்பிட்டேன்.

“வெர்லின், முத்திரை விஷயம் போதுமேய்யா. மத்ததெல்லாம் வீட்டுக்குள்ள உள்ளது.”

“இருக்கட்டும்.”

“ஊரு உலகமே படிக்கும்.”

“தெரியும்.”

“பின்னாடி எடுக்கவும் முடியாது.”

“அதனாலதான் அங்க எழுதுறேன்.”

சேர்த்துக்கொண்டேன். அதற்குப் பக்கத்திலேயே என் ஐந்து வரியும், என் தவறு என்ற குறிப்போடு. ஜெர்மனியிலிருந்து ஒருவர், யார் இந்த ஆர்லிஸ், நல்ல கண் என்று பாராட்டி எழுதினார். வெர்லின் அதை அச்செடுத்து வீட்டுக்கு எடுத்துப் போனார்.

அந்த வாரம் ஒரு மதியம் அவர் தன் பழைய நோட்டுப் புத்தகத்தை என் மேசையில் விரித்தார். ஆறு வருடம் முன்பு ஒவ்வொரு சோதனையையும் திருத்தியதற்கு அடையாளமாக வரிசையாக டிக் போட்டிருந்தார். 274க்கு எதிரில் டிக் இருந்தது, பக்கத்தில் பென்சிலில், ‘ஆர்லிஸ் ஃபோன். அம்மா லூன் முதுகில் ரெண்டு குஞ்சு. உடனே வரச் சொன்னாள்.’

“ஓடிட்டியா?” என்றேன்.

“ஓடிட்டேன். டிக்கைப் போட்டேன், திருத்தறதுக்குள்ள கிளம்பிட்டேன். வந்து பாத்தா டிக் இருந்துச்சு. அடுத்ததுக்குப் போயிட்டேன்.”

“இதை அவங்ககிட்ட சொன்னியா?”

அவர் புத்தகத்தை மூடினார். “டிஸ்க்தான்யா கெட்டுப்போச்சு. எனக்குப் புத்தி கெடல.”

இரண்டு வாரம் கழித்து மெயில் லிஸ்ட்டில் புது முகவரியிலிருந்து ஒரு திருத்தம் வந்து விழுந்தது. அனுப்பியவர் ஆர்லிஸ் ஓப்சால். சோதனை 274இன் தலைப்புக் குறிப்பில் ஒரே ஒரு எண்ணை மாற்றச் சொல்லும் திருத்தம். 9 என்பதற்குப் பதில் 11. மேலே காரணம் எழுதியிருந்தார்:

“இவர் சரிபார்ப்பை ஓட்டிய வியாழக்கிழமையிலிருந்து எண்ணியிருக்கிறார். செவ்வாய், புதன் இரண்டு நாளும் எதையும் ஓட்டிப் பார்க்காமலே நான் அழித்ததாகச் சொன்னார். அந்த இரண்டு நாளையும் சேர்க்க வேண்டும். நாட்காட்டியோடு ஒத்துப் பார்த்தேன்.”

என்னத்தைச் சொல்ல? இடைவெளி, வரி நீளம், கீழே கையெழுத்து வரி, எல்லாம் விதிப்படி கச்சிதம். பத்து வருட அனுபவம் உள்ளவர்கள் அனுப்புவதையே வடிவம் சரியில்லை என்று நான் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். வெர்லினிடம் கேட்டுச் செய்திருக்க மாட்டார் என்பது மட்டும் நிச்சயம்.

ஒருவர் எழுதிய சோதனையில் இன்னொருவர் கை வைத்தால், எழுதியவர் ஒப்புதல் சொல்லும்வரை காத்திருப்பது எங்கள் வழக்கம். காத்திருந்தேன். வெர்லின் அன்று வீட்டிலிருந்து வேலை பார்த்தார். இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு உலகம் பார்க்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்று மணி நேரம் பதிலே இல்லை. நான் வேறு வேலை எதுவும் செய்யவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு வந்தது.

“எண்ணிப் பார்த்தேன். பதினொன்று சரி. ஒப்புக்கொள்பவர்: வெர்லின் ஓப்சால்.”

சேர்த்துவிட்டு ஃபோன் செய்தேன். ஆர்லிஸ்தான் எடுத்தார்.

“சேத்துட்டியாப்பா?”

“சேத்துட்டேன். ஆனா ஒரு எண்ணை மாத்துறதுக்கு மூணு மணி நேரமா? இன்னமும் நீங்க சொன்னா நம்ப மாட்டேங்கறாரா?”

“அதில்ல.” அவர் குரலைத் தணித்தார், வெர்லின் பக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும். “நான் சொன்னதை உடனே சரின்னுட்டாரு. அப்புறம் உக்காந்து, அந்த ரெண்டு நாளும் என்கிட்ட என்னென்ன சொன்னாருன்னு ஒவ்வொண்ணா ஞாபகப்படுத்தி எழுதிட்டு இருந்தாரு மனுஷன். எதையாவது விட்டுட்டேனான்னு என்கிட்ட வந்து கேட்டாரு.”

“விட்டுட்டாரா?”

“ஒண்ணே ஒண்ணு,” என்றார் ஆர்லிஸ். “இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”